எங்கள் லீக்கில் டாமர் ஹாம்லினுக்கு விலை இல்லை

2023 ஜனவரி 2, திங்கள் இரவு. சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் ஆட்டம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழக ஊரில், நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், தொலைக்காட்சியைவிடக் கைப்பேசியைத்தான் அதிகம் பார்த்தேன். எங்கள் ஃபேன்டஸி லீக்கின் இறுதிப்போட்டி அந்த வாரம்தான். பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் என்னிடம் இருந்தார். பெங்கால்ஸ் அணியின் டீ ஹிக்கின்ஸ் எதிராளியிடம் இருந்தார்.

முதல் கால்பகுதியில் ஹிக்கின்ஸ் ஒரு பந்தைப் பிடித்து ஓடினார். பில்ஸின் தடுப்பாட்டக்காரர் டாமர் ஹாம்லின் அவரை மோதி வீழ்த்தினார். எதிராளியின் கணக்கில் புள்ளி ஏறுவதைக் கைப்பேசியில் பார்த்துச் சலித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஹாம்லின் எழுந்து நின்றிருந்தார். அடுத்த நொடி மல்லாக்க விழுந்தார். மார்பில் பட்ட அடியில் அந்த 24 வயது இளைஞரின் இதயம் நின்றுபோயிருந்தது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிரை மீட்டார்கள். சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டு அழுதார்கள்.

எங்கள் வாட்ஸப் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர் கேட்டார்: "ஆட்டம் நின்னுட்டா ஃபைனல் கணக்கு எப்படி?" குழுவே அவரைத் திட்டித் தீர்த்தது. நானும் திட்டினேன். ஆனால் அதே கேள்வியை இரண்டு நிமிடம் முன்பு நானும் தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்திருந்தேன். அழித்த அந்த வரி எனக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஐபிஎல் ஏலமும் ட்ரீம்11-உம் தெரிந்தவர்களுக்கு ஃபேன்டஸி கால்பந்து எளிதில் புரியும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு லீக் அமைக்கிறோம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் உண்மையான வீரர்களை ஆகஸ்ட் கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்துக்கொள்கிறோம். வீரர் மைதானத்தில் பெறும் ஓட்டமும் கோலும் நமக்குப் புள்ளியாகின்றன. பிரித்துக்கொள்ளும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர். எங்கள் லீக்கில் அது ஏல முறை: ஒவ்வொருவருக்கும் 200 டாலர் விளையாட்டுப் பணம், பெயர் சொல்லச் சொல்ல விலை கேட்க வேண்டும்.

எங்கள் பத்துப் பேரில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆய்வு மாணவர்கள், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். கூட்டத்தில் நான்தான் வரலாறு படிக்கிறவன். முதல் வருட ஏலத்தன்று ஊரிலிருந்து அம்மா அழைத்தார். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "ஆள ஏலம் எடுக்கிறியா? அந்தப் பையன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களாப்பா?" என்றார். சிரித்துவிட்டு, இது சும்மா விளையாட்டும்மா என்றேன்.

அந்தப் பையனிடம் யாரும் கேட்பதில்லை. விளையாட்டிலும் கேட்பதில்லை, நிஜத்திலும் கேட்பதில்லை.

ஃபேன்டஸி கால்பந்து ரசிகர்கள் கண்டுபிடித்ததல்ல. 1962இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் அதன் விதிகளை வகுத்தவர் பில் விங்கன்பாக். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்கு உரிமையாளர். அடுத்த ஆண்டு ஓக்லண்டில் அவர் வீட்டின் நிலவறையில் எட்டு அணிகளுடன் முதல் டிராஃப்ட் நடந்தது. முதலாளி ஒருவர் தன் தொழிலைப் பொழுதுபோக்காக ஆடிப்பார்த்த ஆட்டம் இது. இன்று கோடிக்கணக்கானோர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

நாற்காலியோடு மொழியும் வந்துவிட்டது. நம்பி முழுச் சுமையையும் ஏற்றக்கூடிய ஓட்டக்காரரை இங்கே 'பெல் கவ்' என்பார்கள்: கழுத்தில் மணி கட்டிய, மந்தையின் முன்னே போகும் பசு. 'வொர்க்ஹார்ஸ்' என்பதும் உண்டு. முதன்மை ஓட்டக்காரருக்கு அடிபட்டால் பயன்படட்டும் என்று எடுத்து வைக்கும் மாற்று ஆட்டக்காரருக்குப் பெயர் 'ஹேண்ட்கஃப்', கைவிலங்கு. முப்பது வயதை நெருங்குகிறவரைப் பற்றி, டயர் தேய்ந்துவிட்டது என்பார்கள். தமிழில் நாங்கள் இன்னும் சுருக்கிவிட்டோம்: "ஆலன் என்கிட்ட இருக்கான்." சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் பேசுகிற தொனி அது. மூன்று ஆண்டுகள் அந்தத் தொனியில் பேசினேன்; உறுத்தவே இல்லை.

இப்போது நிஜ டிராஃப்டுக்கு வருவோம். ஒவ்வோர் ஏப்ரலிலும் மூன்று நாள் திருவிழா போல நடக்கும். 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் தேர்வு செய்யும். கல்லூரி ஆட்டக்காரர் எந்த ஊரில், யாரிடம் வேலை செய்வார் என்பதை அணிகளே தீர்மானிக்கும். பெயர் அறிவித்ததும் அவர் மேடையேறித் தொப்பி போட்டுக்கொள்வார், அம்மா அழுவார், நாமும் கண்கலங்குவோம். நான் இன்றும் கண்கலங்குகிறேன். வறுமையிலிருந்து ஒரு குடும்பம் மீண்டு வருவதைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் நம் காதுக்கு இனிமையாக இருக்கும்: சமத்துவம். பலவீனமான அணிக்கு முதல் வாய்ப்பு. பணக்கார அணியே எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிவிடக் கூடாது. நானும் பல நாள் இதை ஒருவகை இடஒதுக்கீடு என்றே நண்பர்களிடம் விளக்கியிருக்கிறேன். தவறான ஒப்பீடு. யாருக்கும் யாருக்கும் இடையில் சமத்துவம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். டிராஃப்ட் தருவது முதலாளிகளுக்கு இடையிலான சமத்துவம். 1935இல் அந்த யோசனையை முன்வைத்தவர் பெர்ட் பெல். பட்டியலின் அடியில் கிடந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் உரிமையாளர். அணிகள் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றினால் அவரைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வீரரிடம் ஒரே ஓர் அணிதான் பேசலாம் என்று வைத்துவிட்டால் விலை ஏறாது.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஓட்டலில் நடந்தது. முதல் ஆளாகத் தேர்வானவர் ஜே பெர்வாங்கர். ஈகிள்ஸ் அவரோடு பேசும் உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குக் கைமாற்றியது. சம்பளம் ஒத்துவராமல் அவர் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்டின் வரலாறு ஒரு தொழிலாளியின் மறுப்பில் தொடங்குகிறது என்பதை எந்தத் தொலைக்காட்சி வர்ணனையிலும் நான் கேட்டதில்லை.

அந்த அறையில் பேசப்பட்ட பெயர்களில் ஒரு கறுப்பினப் பெயரும் இல்லை. 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது. உரிமையாளர்களுக்குள் புரிதல், அவ்வளவுதான். எழுதாத தடை எப்படி வேலை செய்யும் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1946இல் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் உள்ளே வந்தார்கள். டிராஃப்டில் முதல் கறுப்பினத்தவராக ஜார்ஜ் டாலியஃபெரோ தேர்வானது 1949இல். வாஷிங்டன் அணி 1962 வரை இழுத்தடித்தது. கென்னடி அரசு அழுத்தம் கொடுத்த பிறகே இறங்கிவந்தது. இன்று வீரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். 32 அணிகளில் ஒன்றின் முதன்மை உரிமையாளர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை.

டிராஃப்டை ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுத்தார். ஜேம்ஸ் 'யாஸூ' ஸ்மித்தை 1968இல் வாஷிங்டன் முதல் சுற்றில் எடுத்தது. முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்தில் அடி. அத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. பல அணிகளோடு பேரம் பேசும் சுதந்திரம் இருந்திருந்தால் காயத்துக்கும் உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் கேட்டிருப்பேன் என்பது அவர் வாதம். அன்றிருந்த டிராஃப்ட் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியது என்று 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 1977இல் வீரர் சங்கத்துடன் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் டிராஃப்ட் சேர்க்கப்பட்டுவிட்டது. சங்கம் ஒப்புக்கொண்டால் சட்டம் தலையிடாது. நாளை டிராஃப்டில் நிற்கப்போகும் கல்லூரி மாணவர் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவர் கையெழுத்தை முன்கூட்டியே வேறு யாரோ போட்டாயிற்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஏழு சுற்றிலும் யாருமே எடுக்காத ஆட்டக்காரர், தன்னை அழைக்கும் அணிகளில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். நாட்டிலேயே சிறந்தவர் என்று முதலில் எடுக்கப்பட்டவருக்கு அந்த உரிமை கிடையாது.

தேர்வுக்கு முன் உடலை அளக்கும் சடங்கு ஒன்றும் உண்டு. பெயர் கம்பைன். 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடந்துவருகிறது. உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம், 40 கஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்ற எண்ணிக்கை. உள்ளாடையோடு நிறுத்தி அளப்பார்கள்.

என் ஆய்வு 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களைப் பற்றியது. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடல் அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பகலில் அந்தக் கட்டங்களைப் படித்துவிட்டு இரவில் கம்பைன் அளவுகளைத் திரையில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஒப்பந்தக் கூலிக்கு நேர்ந்ததை லட்சாதிபதி விளையாட்டு வீரரோடு சமப்படுத்தினால் அது செத்துப்போனவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் கட்டம் போட்டவர் எப்போதும் மேசையின் ஒரே பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

உடல் அளவோடு நின்றதா? மூளையையும் அளந்தார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் தேர்வு 2022இல்தான் கைவிடப்பட்டது. யார் சிந்திப்பவர், யார் ஓடுபவர் என்ற பாகுபாடு அதைவிடப் பழையது. குவார்ட்டர்பேக்தான் களத்தின் மூளை என்பார்கள். அந்த இடத்திலிருந்து கறுப்பினத்தவரை நகர்த்தி, ஓடவும் மோதவும் அனுப்புவது நெடுங்கால வழக்கம். விளையாட்டுச் சமூகவியலாளர்கள் 1970லேயே இந்த அடுக்கை ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களையே தரம் பிரித்து நிறுத்துவது வேறு என்று அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டியதைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதாகத் தெரியாது.

வாரன் மூன் இடம் மாற மறுத்தார். 1978 டிராஃப்டில் அவரை ஒருவரும் எடுக்கவில்லை. கனடா லீக்குக்குப் போனவர் ஆறு பருவங்களில் ஐந்து கோப்பைகள் வென்றார். பிறகு என்எஃப்எல் அழைத்தது. 2006இல் அதன் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர்தான். பழைய கதை என்கிறீர்களா? 2018இல் லமார் ஜாக்சனை, கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் வென்றவரை, பந்து பிடிப்பவராக மாறச் சொல்லி முன்னாள் அணி மேலாளர் பில் போலியன் பேசினார். ஜாக்சன் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாகத் தேர்வானார். அவருக்கு முன் எடுக்கப்பட்ட நான்கு குவார்ட்டர்பேக்குகளும் வெள்ளையர். என் ஜாஷ் ஆலனும் அதில் ஒருவர். அடுத்த ஆண்டே ஜாக்சன் லீக்கின் சிறந்த வீரர் விருதை ஒருமனதாக வாங்கினார். போலியன் பிறகு தவற்றை ஒப்புக்கொண்டார்.

ஓய்வுபெற்ற பிறகும் இந்த அளவுகோல் விடவில்லை. தலையில் பட்ட அடிகளால் மறதிநோய்க்கு ஆளான முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தரும் உடன்பாட்டில், கறுப்பினத்தவரின் மூளைத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்கிடும் முறை பயன்பட்டது. அதனால் அதே இழப்பீட்டைப் பெற அவர்கள் கூடுதல் பாதிப்பைக் காட்ட வேண்டியிருந்தது. கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குப் போட்டார்கள். அந்த முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது 2021இல்.

இவ்வளவும் சொன்னால் நண்பர்கள் ஒன்று கேட்பார்கள்: கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன ஒடுக்குமுறை? நல்ல சம்பளம் வாங்கும் ஒருவர் அலுவலகத்தில் சாதியால் அவமதிக்கப்பட்டதாகச் சொன்னால், சம்பளச் சீட்டைக் காட்டு என்று நாம் கேட்போமா? பணம் உண்மைதான். ஆனால் புதியவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. அதன் தொகை 2011 முதல் கிட்டத்தட்ட முன்பே நிர்ணயமானது. வீரர் சங்கம் சொல்லும் சராசரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். சராசரி வீரர் சுதந்திரமாகப் பேரம் பேசும் நாள் வருமுன்பே அவர் உடம்பு தீர்ந்துவிடுகிறது.

2017 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி ஃபேன்டஸி ஏலத்தை மேடை போட்டு நடத்திக் காட்டியது. வெள்ளை ஏலக்காரர் கூவ, பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்த கூட்டம் விலை கேட்டது. ஏலத்தில் ஓடெல் பெக்கம் ஜூனியர் பெயரும் வந்தது. சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் காணொளியைப் பார்த்து நானும் கோபப்பட்டிருக்கிறேன். எங்கள் கூடத்தில் வருடந்தோறும் நடப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று அப்போது யோசிக்கவில்லை. எங்களுக்குக் கேமரா இல்லை, அவ்வளவுதான்.

ஃபேன்டஸி ரசிகரின் மனத்தில் என்ன செய்கிறது என்பதற்கு லெவியான் பெல் நல்ல சாட்சி. பிட்ஸ்பர்க் அணியின் ஓட்டக்காரர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரை ஓராண்டுக்குப் பிடித்துவைக்கும் உரிமை அணிக்கு உண்டு. தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக அந்த உரிமையை அவர் மேல் பயன்படுத்தினார்கள். 1.45 கோடி டாலரை உதறிவிட்டு 2018 பருவம் முழுக்க ஆடாமல் இருந்தார். தன் உடம்பு எத்தனை அடி தாங்கும் என்று அவருக்குத் தெரியும், உத்தரவாதம் கேட்டார். அந்த ஆண்டு ஃபேன்டஸி டிராஃப்ட்களில் முதல் சில பெயர்களில் ஒன்று அவருடையது. எங்கள் லீக்கின் மூத்த உறுப்பினர் ஒருவர், ஊரில் எந்தப் போராட்டம் என்றாலும் தொழிலாளர் பக்கம் பேசுபவர், பெல் பெயரை எடுத்தால் இன்றும் பொரிந்து தள்ளுகிறார்: "என் சீசனையே நாசம் பண்ணிட்டான்." வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி மீது ஆலை முதலாளிக்கு வரும் கோபம், ஒரு பைசா முதலீடு இல்லாமலேயே நம் நண்பருக்கு வருகிறது.

அழித்த வரியின் பிறப்பிடம் இதுதான். நான் கொடூரமானவன் என்பதால் அது வரவில்லை. 17 வாரம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தவனுக்கு, ஆள் விழுந்ததும் கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஹாம்லினைப் பற்றி அன்றிரவுதான் தேடிப் படித்தேன். 2021 டிராஃப்டில் ஆறாம் சுற்று, 212ஆவது ஆள். எங்கள் லீக்கில் தடுப்பாட்டத்துக்கு மொத்த அணியாகத்தான் புள்ளி. தனி ஆளாக ஹாம்லினுக்கு விலை கிடையாது. குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நின்று மோதும் ஐந்து பேருக்கும் விலை கிடையாது. மூன்று ஆண்டாக நான் பார்த்த ஆட்டங்களில் இந்த மனிதர்கள் எல்லா நேரமும் களத்தில் இருந்தார்கள். என் கண்ணில் பட்டதில்லை. காயம்பட்டோர் பட்டியலில் சேர்ந்தால் சம்பளம் குறையும் என்ற பிரிவு ஹாம்லினின் ஒப்பந்தத்தில் இருந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்ததால் முழுச் சம்பளம் தரப்பட்டது. யாரும் பார்க்காத பயிற்சி மைதானத்தில் முழங்கால் போகும் வீரருக்கு அந்தப் பிரிவு அப்படியே நிற்கும்.

அந்த ஆட்டம் மீண்டும் நடக்கவேயில்லை, ரத்தானது. எங்கள் பரிசுப் பணம் 500 டாலரை, ஹாம்லின் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தரத் தொடங்கியிருந்த நிதிக்கு அனுப்பினோம். அது சுலபமான வேலை. அடுத்த ஆகஸ்டில் ஒரு நண்பர், இனித் தடுப்பாட்டக்காரர்களையும் தனித்தனியாக ஏலம் எடுக்கலாம் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். விலை இல்லாதவருக்கும் ஒரு விலை போடுவது மரியாதை என்று அவருக்குத் தோன்றியது. நான் அந்த ஆண்டிலிருந்து ஏலத்தில் உட்காரவில்லை. ஆட்டம் மட்டும் பார்க்கிறேன். ஒரே ஓர் அணிக்குக் கத்துகிறேன். ஆட்டம் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது.

எல்லோரும் விலக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. விலகியதால் நான் தூய்மையாகிவிடவும் இல்லை. தொலைக்காட்சிக்கு என் கண்கள் இன்னும் வருமானம்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தப் பருவத்தில் யாராவது ஒரு வீரர் கையெழுத்திட மாட்டேன் என்று வீட்டில் உட்காருவார். பேராசைக்காரர், அணிக்குத் துரோகி என்று பேச்சு கிளம்பும். தோழர்களே, அப்போது உங்கள் ஃபேன்டஸி அணிக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு முன், அவர் என்ன கேட்கிறார் என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாஸூ ஸ்மித் கேட்டதைத்தான் கேட்பார்: அடிபட்டால் எனக்கு யார் பொறுப்பு?

ஹாம்லின் 2023 பருவத்திலேயே மீண்டும் களமிறங்கினார். அம்மாவிடம் சொன்னேன். "அவனே வரேன்னு சொன்னானா?" என்று கேட்டார். ஆமாம்மா, இந்தத் தடவை அவரைக் கேட்டுத்தான் என்றேன்.